ஒன்பதாம் நாளைக் கண்டுபிடித்த கணக்கு

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு தை மாதம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு ஓடைக்கரையில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்தேழு வயது.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லாரியில் கிளீனராக இருந்தேன், பரோட்டாக் கடையில் மாவு பிசைந்தேன், கேரளாவில் ரப்பர் பால் எடுத்தேன். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் இடது கையில் ஒரு விரல் நுனி போனது. எந்த ஊரிலும் ஒரு வருஷம் சேர்ந்தாற்போல் தங்கியதில்லை. யாரும் விரட்டவில்லை, நானாகவே கிளம்பிவிடுவேன்.

தறியை விட்டு வந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான், காட்டில் நடக்கவும் எண் எழுதவும் தெரிந்த ஆள் வேண்டும் என்று ஒரு பெண் கடைக்காரரிடம் விசாரித்தார். என் வயதுதான் இருக்கும். பெங்களூரில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவர். என்னை ஒரு மருத மரத்தடிக்குக் கூட்டிப்போய், “மேல என்ன தெரியுது?” என்று கேட்டார். “ரெண்டு கூடு இருக்கு. ஒண்ணு பழசு, பிஞ்சுபோச்சு” என்றேன். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு.

கூடு என்றால் மலை அணிலின் கூடு. சாம்பல் நிறத்தில், பூனை அளவுக்கு இருக்கும் அணில் அது. பெரிய மரங்களில் கொப்பு பிரிகிற இடத்தில் இலையும் குச்சியும் அடுக்கிக் கூடு கட்டும். கொஞ்சமாகத் தெரிந்ததை வைத்துக்கொண்டு தெரியாத மீதியை ஊகிக்க கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுப்பதுதான் அந்த அம்மாவின் படிப்பு. அதைச் சோதித்துப் பார்க்க இந்தக் காட்டை எடுத்திருந்தார்.

வேலைக்கு இரண்டு பேர். நான் ஒருவன். இன்னொருவர் கூமாப்பட்டிக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். அதற்கு முன்னால் தென்னந்தோப்பில் காவல் இருந்தவர். நான் அவரை அண்ணாச்சி என்பேன். அவர் என்னைக் கூப்பிடுவதே கேலியாகத்தான் இருக்கும். “எந்த ஊர்லயும் ரேசன் கார்டு இல்லாத பய நீ. அணிலுக்காவது கூடு இருக்கு, உனக்கு என்னலே இருக்கு?” என்பார்.

வேலை எளிது. ஓடைக்கரை மரங்களில் எண் அடித்த தகர வில்லைகளை முன்பே அடித்திருந்தார்கள். தினமும் கரையில் ஒரு புதிய துண்டு. நான் முதலில் போய் ஒவ்வொரு மரத்திலும் எத்தனை கூடு என்று நோட்டில் எழுத வேண்டும். அரை மணி நேரம் கழித்து அண்ணாச்சி அதே மரங்களைப் பார்த்துத் தன் நோட்டில் எழுத வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது, பேசிக்கொள்ளவும் கூடாது. அந்த அம்மா கண்டிப்பாகச் சொன்னது அது ஒன்றைத்தான்.

ஒரே மரத்தை ஏன் இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். மண்ணில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார்.

“நீங்க பத்து கூடு பாத்தீங்கன்னு வச்சுக்கங்க. பின்னால வந்தவர் அந்தப் பத்துல அஞ்சைத்தான் பாத்திருக்கார். அப்ப அவர் கண்ணு பாதியைப் பாக்குது, சரியா? அவர் நோட்டுல மொத்தம் எட்டு இருக்கு. பாதி எட்டுன்னா முழுசு?”

“பதினாறு.”

“நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து பாத்தது பதிமூணு. அப்ப ரெண்டு பேருமே பாக்காத கூடு மூணு இந்தக் காட்டுல இருக்கு.”

நான் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பார்த்ததை எண்ணுவது எனக்குத் தெரியும். யாருமே பார்க்காததை எண்ணலாம் என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை.

எட்டாம் நாள் வேலை முடிந்து திரும்பும்போது அண்ணாச்சி ஓடைப் பாறையில் உட்கார்ந்துவிட்டார். வழக்கமான கேலி இல்லை.

“தம்பி, கண்ணுல பால் ஊத்துன மாதிரி இருக்கு. மேல பாத்தா எல்லாம் வெள்ளையா எரியுது. எது கூடு, எது கொப்புன்னு தெரியமாட்டேங்கு.”

“எம்புட்டு நாளா?”

“ஒரு வருசம் இருக்கும். தோப்புல கண்ணுக்கு முன்னாலயே எவனோ காய் வெட்டிட்டுப் போயிருக்கான், எனக்குத் தெரியலை. அதான் தோப்புக்காரவிய அனுப்பிட்டாவ. இந்த அம்மாட்ட மட்டும் சொல்லிராத. இதும் போச்சுன்னா பொறவு வீட்டு மூலையிலதான் உக்காரணும். இருக்கிற மனுசனை இல்லாத மாதிரி சுத்திப் போவாக. அதை நான் பாத்துட்டேன்.”

எங்கள் பக்கம் விறகுக்குக் காட்டுக்குள் போகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வழி பிரிகிற இடத்தில் முன்னால் போகிறவர் ஒரு பச்சைக் கொப்பை ஒடித்துப் போட்டுவிட்டுப் போவார். முறிந்த முனை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போயிருக்கிறார் என்று பின்னால் வருகிறவர் தெரிந்துகொள்வார். அதைத்தான் நானும் செய்தேன். மறுநாளிலிருந்து, ஒரு மரத்தில் எத்தனை கூடு பார்த்தேனோ அத்தனை பச்சைக் கொப்பை ஒடித்து வேர்மேல் வைத்துவிட்டு நடந்தேன். அண்ணாச்சி வந்து எண்ணிப் பார்த்து எழுதிக்கொண்டு, காலால் தள்ளிவிடுவார்.

அது ஏமாற்று என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு மனுஷனுக்கு முடியவில்லை, பக்கத்தில் இருக்கிறவன் தாங்கிக்கொள்கிறான். லாரியிலும் தறியிலும் நான் பார்த்தது அதுதான். எனக்காகவும் பலர் அப்படிச் செய்திருக்கிறார்கள். இரண்டு நோட்டும் ஒன்றுபோல இருந்தால் சந்தேகம் வரும் என்று ஒரு தந்திரமும் செய்தோம். “அங்கங்க ஒண்ணைக் குறைச்சு எழுதுங்க அண்ணாச்சி” என்றேன். “படிச்சவனை விட படிப்பை விட்டவனுக்குத்தான்லே மூளை” என்று சிரித்தார். பதினைந்து நாள் அப்படி ஓடியது.

அந்த அம்மாவின் கணக்கைப் போட ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்போது கம்ப்யூட்டர் வசதி இல்லை. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் அலுவலகத்தில் ஒன்று இருந்தது. மில்லுக்கு வார விடுமுறை நாளில் அதை உபயோகித்துக்கொள்ள அனுமதி வாங்கியிருந்தார். நோட்டைப் பார்த்து எண்களை வாசிக்க ஆள் வேண்டும் என்று என்னைக் கூட்டிப்போனார்.

குளிரூட்டிய அந்தச் சின்ன அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போனோம். காவலுக்கு உட்கார்ந்திருந்த கிளார்க், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், “ஏமண்டி, இது நாங்க சம்பளக் கணக்கு போடுற மெஷினு. அணிலுக்கெல்லாம் சம்பளம் போட்டுறாதீக” என்று சொல்லிவிட்டுத் தினசரியை விரித்துக்கொண்டார்.

நான் வாசிக்க ஆரம்பித்தேன். மர எண், என் நோட்டில் எத்தனை, அண்ணாச்சி நோட்டில் எத்தனை. முதல் சில நாட்கள் சுலபமாகப் போயின. ஒன்பதாம் நாள் பக்கம் வந்ததும் என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. இரண்டு, இரண்டு. ஒன்று, ஒன்று. பூஜ்யம், பூஜ்யம். மூன்று, இரண்டு. நான் செய்ததை நானே சத்தம் போட்டு ஒப்பித்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா முகத்தைத் திருப்பாமல் தட்டிக்கொண்டே இருந்தார்.

எல்லாம் ஏற்றி முடித்து ஒரு பொத்தானை அமுக்கினார். என்ன செய்கிறது என்று கேட்டேன். “தாயம் உருட்டுது” என்றார். இந்தக் காட்டில் இத்தனை கூடு இருந்து, இரண்டு பேரின் கண்ணும் இப்படி இப்படி இருந்து, நடுவில் ஏதோ ஒரு நாளில் அது மாறியிருந்தால், நோட்டில் இந்த எண்கள் வருமா என்று உருட்டிப் பார்க்குமாம். வராது என்றால் தள்ளிவிட்டு வேறு மாதிரி உருட்டும். ஆயிரம் தடவை, பத்தாயிரம் தடவை, சலிக்காமல். எல்லாவற்றையும் உருட்டிப் பார்த்துவிட்டு, எது அடிக்கடி பொருந்தியதோ அதைச் சொல்லும்.

வெளியே போய் டீ குடித்துவிட்டு, செத்த நேரம் மில் வாசல் வேப்ப மரத்தடியில் இருந்தோம். திரும்பி வந்தபோது திரையில் நாளுக்கு ஒன்றாக, வரிசையாகச் சின்னச் சின்னக் குச்சிகள் நின்றன. அவற்றின் நடுவில் ஒன்று மட்டும் தென்னை மாதிரி உயரமாக நின்றது. அதன் கீழே 9 என்று இருந்தது.

அவர் என் பக்கம் திரும்பினார். “ஒன்பதாம் நாள் என்ன நடந்தது?”

காட்டில் எங்களைத் தவிர யாரும் இல்லை. கொப்புகளைக் காலால் தள்ளியாயிற்று. வெயிலில் அவை காய்ந்து சருகாகிப்போயிருக்கும். அந்த மெஷின் காட்டையே பார்த்ததில்லை. அது இருப்பது ராஜபாளையத்தில், குளிர் அறையில். அதற்குக் கிடைத்தது வெறும் எண்கள். அதை வைத்துக்கொண்டு, நாங்கள் எந்த நாளில் ஆரம்பித்தோம் என்று விரல் வைத்துச் சொல்கிறது.

அவரே சொன்னார்: “எட்டு நாள் வரைக்கும் ரெண்டு பேர் கண்ணு. அப்புறம் ஒரே கண்ணு. அவர் உங்க நோட்டைப் பாத்து எழுதுறார். நாளையில இருந்து அவர் வர வேண்டாம். புளி உலுக்க ஆள் இறங்க இன்னும் ரெண்டு வாரம்தான் இருக்கு. அவங்க இறங்கிட்டா கூடெல்லாம் கலைஞ்சிடும். அதுக்குள்ள வேற ஆளைப் பிடிச்சு முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். இல்லைன்னா என் மூணு வருஷப் படிப்பு இங்கயே நின்னுடும்.”

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என் வேலை பிழைத்திருக்கும். அதை நினைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், நினைத்தேன். ஆனால் மூலையில் உட்காரணும் என்று அண்ணாச்சி சொன்னது காதிலேயே இருந்தது. கொப்பு வைத்ததைச் சொன்னேன். அவர் கண்ணைப் பற்றியும் சொன்னேன். “அங்கங்க குறைச்சு எழுதச் சொன்னதும் நான்தாம்மா. அப்படியும் எப்படிக் கண்டுபிடிச்சுது?” என்று கேட்டேன்.

அந்த அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். முதல் எட்டு நாள் பக்கங்களை என் முன்னால் விரித்தார்.

“இந்த மரம். உங்க நோட்டுல பூஜ்யம். அவர் நோட்டுல ஒண்ணு. இதோ இதுவும். இந்த எட்டு நாள்ல, நீங்க பாக்காத ஏழு கூட்டை அவர் பாத்திருக்கார். ஒன்பதாம் நாளுக்கு அப்புறம், நீங்க பாக்காத ஒரு கூட்டைக்கூட அவர் பாக்கலை. ஒண்ணுகூட இல்லை. நீங்க குறைக்கச் சொன்னீங்க. கூட்டச் சொல்லலை.”

ஏழு. நான் திரும்பத் திரும்ப அந்த ஏழு மரங்களின் எண்ணையும் பார்த்தேன். பாதி பார்வை போன மனுஷன், நல்ல கண்ணுள்ள நான் விட்ட ஏழு கூட்டைப் பார்த்திருக்கிறார். நான் அண்ணாந்து உச்சியையே பார்த்து நடக்கிறவன். அவர் காட்டை அறிந்தவர். கொடி படர்ந்த தாழ்ந்த கொப்பு, ஓடைப் பக்கம் சாய்ந்த கிளை என்று அணில் விரும்புகிற இடத்தைத் தேடிப் போய்ப் பார்த்திருக்கிறார். நான் கொப்பு வைக்க ஆரம்பித்த பிறகு அவர் மேலே பார்ப்பதையே விட்டுவிட்டார். தரையைத்தான் பார்த்தார். அவர் கண்ணைப் புரை பாதி மறைத்தது. மீதியை மறைத்தவன் நான்.

மறுநாள் காலை ஓடைக்கரையில் அந்த அம்மா எல்லாவற்றையும் அண்ணாச்சியிடம் நேராகச் சொன்னார். அண்ணாச்சி நோட்டையும் பென்சிலையும் துண்டால் துடைத்து நீட்டினார்.

“தப்புதான் அம்மா. பயலை ஒண்ணும் சொல்லாதிய. நான் கெளம்புதேன்.”

“எங்க கிளம்புறீங்க? எனக்கு உங்க கண்ணு வேணும்.”

“இந்தக் கண்ணா?”

“இதேதான். உங்களுக்குப் பாதி தெரியுதா, கால்வாசி தெரியுதாங்கிறது எனக்குப் பிரச்சினையே இல்லை. எவ்வளவு தெரியுதுன்னு கணக்கே கண்டுபிடிச்சுக்கும். தெரிஞ்சா எழுதுங்க, தெரியலைன்னா பூஜ்யம் போடுங்க. உங்க பூஜ்யமும் எனக்கு வேணும். ஆனா அது உங்க பூஜ்யமா இருக்கணும்.”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். “ஏலே, பூஜ்யத்துக்கும் சம்பளம் தாராகலே” என்றார். சிரிக்கத்தான் சொன்னார். ஆனால் நோட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்போது இரண்டு கையாலும் வாங்கினார்.

கெட்டுப்போன பதினைந்து துண்டுகளையும் பன்னிரண்டு நாளில் மறுபடி நடந்தோம். எனக்குப் பழைய மரம் நினைவில் இருக்கும் என்பதால், வில்லைகளின் எண்ணை மாற்றி, துண்டுகளைக் கலைத்து, நாங்கள் நடக்கும் திசையையும் மாற்றிவிட்டார். அப்படியும் நினைவு கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், அதையும் கணக்கில் சேர்ப்பேன் என்றார். சில நாள் அண்ணாச்சி முன்னால் போனார், நான் பின்னால். ஓடையில் தண்ணீர் வற்றிவிட்டது. காலில் முள் ஏறிச் சீழ் வைத்தது, துணி சுற்றிக்கொண்டு நடந்தேன். மத்தியானம் அண்ணாச்சிக்குக் கண்ணில் நீர் கொட்டும். துடைத்துவிட்டு மறுபடி அண்ணாந்து பார்ப்பார். ஒரு கொப்பும் ஒடிக்கவில்லை. பேசவும் இல்லை.

மறுபடி ராஜபாளையம் போய் வந்தபின், ஓடையின் ஒரு வளைவை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த அம்மா சொன்னார்: “இந்த வளைவுல நீங்க ரெண்டு பேருமே பாக்காத கூடு ஆறுல இருந்து பத்துக்குள்ள இருக்கணும். இல்லைன்னா நான் கட்டுன கணக்கு தப்பு. ஊருக்குப் போய் வேற படிப்பு பாக்க வேண்டியதுதான்.”

அண்ணாச்சிக்குப் பழைய வாய் திரும்பியிருந்தது. “என்னம்மா இது, சோசியக்காரன்கூட ஒரே தேதியாச் சொல்லுவான். நீங்க ஆறுங்கிய, பத்துங்கிய.”

“அவர் தப்பாச் சொன்னா எவ்வளவு தப்புன்னு சொல்ல மாட்டார். நான் அதையும் முதல்லயே சொல்லிடறேன்.”

வனக் காவலர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு, கூமாப்பட்டியிலிருந்து தேங்காய் பறிக்கிறவர்கள் இரண்டு பேரை அழைத்து வந்தோம். கூட்டைத் தொடக் கூடாது, பக்கத்துக் கிளையில் நின்று பார்த்துச் சொன்னால் போதும் என்று ஏற்பாடு. மரம் மரமாக ஏறினார்கள். எங்கள் நோட்டில் இருந்தவற்றைத் தவிர புதிதாக ஏதாவது இருந்தால் மேலிருந்து குரல் கொடுப்பார்கள்.

முதல் ஒரு மணி நேரம் ஒரு குரலும் இல்லை. அந்த அம்மா ஒரு வேரில் உட்கார்ந்து புடவைத் தலைப்பின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார். நான் எத்தனையோ தடவை அடியில் நடந்துபோன ஒரு மருத மரத்திலிருந்து, “ஏய், இங்க ஒண்ணு கெடக்கு” என்று சத்தம் வந்தது. எங்கே என்று தெரியாமல் இடம் மாறி மாறி நின்று பார்த்தேன். ஆள் கையை நீட்டிக் காட்டிய பிறகுதான் தெரிந்தது. இரண்டு கொப்புகளுக்கு நடுவில், காய்ந்த இலை மூடி, மரத்தோடு மரமாக இருந்தது கூடு. அப்போதும் ஒரு கணம் பார்வையை எடுத்தால் காணாமல் போனது.

பிறகு நாவலில் ஒன்று. இலுப்பையில் இரண்டு. ஐந்தாவது வந்தபோது அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார். ஆறாவது புளிய மரத்தில். அந்த அம்மா அதையும் எழுதிக்கொண்டார். ஏழு. எட்டு. கடைசி நாலு மரங்களில் புதிதாக எதுவும் இல்லை. ஆட்கள் இறங்கி முழங்காலைத் தேய்த்துக்கொண்டு தண்ணீர் கேட்டார்கள். அவர்களுக்கு அது ஒரு வேலை, முடிந்துவிட்டது.

நான் அந்த வளைவில் தனியாக நின்று மேலே பார்த்தேன். எட்டு கூடு. எல்லாம் அங்கேயேதான் இருந்திருக்கின்றன, என் தலைக்கு மேலே. ஒரு கண்ணும் படாத அவற்றை, நான் விட்டதையும் அண்ணாச்சி விட்டதையும் சேர்த்து வைத்து ஒருவர் எண்ணியிருக்கிறார். கோயிலில் கூட எனக்கு மயிர்க்கூச்செறிந்ததில்லை. அன்றைக்குக் கூச்செறிந்தது.

கிளம்பும் முன்னால் அந்த அம்மா, மதுரையில் இலவசமாகக் கண் அறுவை சிகிச்சை செய்கிற இடத்துக்கு அண்ணாச்சியை அனுப்ப ஏற்பாடு செய்தார். அவருக்கு ஒரே யோசனை. “அடுத்த வருசம் வருவியளே, அப்ப இந்தக் கண்ணு நல்லாயிருந்தா உங்க கணக்கு குழம்பிப்போகாதா?” என்று கேட்டார்.

“உங்களுக்கு எந்த நாள்ல கண்ணு தெரிய ஆரம்பிச்சுதுன்னு அது கண்டுபிடிச்சுக்கும். நீங்க முதல்ல போய்ட்டு வாங்க” என்றார் அவர்.

அடுத்த வருஷம் அந்த அம்மா வந்தாராம், அண்ணாச்சியும் போனாராம். நான் அப்போது திருப்பூரில் இருந்தேன். அதற்குப் பிறகும் எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை. கூட வேலை செய்கிறவர் தடுமாறினால் இப்போதும் கை நீட்டத்தான் செய்கிறேன், அந்தக் குணம் போகவில்லை. ஆனால் நீட்டுவதற்கு முன்னால், எனக்குத் தெரியாத எதை இவர் பார்த்துக்கொண்டிருக்கிறாரோ, அதை நான் மறைத்துவிடக் கூடாதே என்று ஒரு கணம் நின்றுவிடுகிறேன்.